ரூட்டு மாறும் நாள்

“ரூட்டு மாறச் சொல்றாங்க ஷீபா.” “எந்த ரூட்டுக்குங்க?” “சென்னைக்கு. நைட்டு வண்டி, படுக்கை வச்சது.” “ம்…” “என்ன ம்? நாளைக்கு மத்தியானம் புதுக்கோட்டையில மொதலாளியப் பாத்து ஆமா இல்லைன்னு சொல்லணும். நீ என்ன நெனைக்கிற?” “ஒங்க இஷ்டங்க”… நேற்றுச் சாப்பிடும்போது ஜெரால்டு கேட்டான், அவள் சொன்னாள், அவ்வளவுதான், பிறகு அவன் ரசம் கேட்டான், அவள் ஊற்றினாள். ஒங்க இஷ்டம் என்று ஏன் சொன்னாள்? அதையா நினைத்தாள்? கட்டிய கணவன் அத்தி பூத்தாற்போல ஒரு கேள்வி கேட்கிறான், அதற்கு வாயில் வந்தது அந்த ஒற்றைப் பதில்தானா… இப்போது சாப்பாட்டுக் கேரியரோடு மெயின் ரோட்டு விலக்கில், ஊருக்குள் திரும்பும் சாலையின் முனையில், நிழற்குடைக்குள் நிற்கும்போது நூறு பதில்கள் வருகின்றன. வண்டி திருமயத்தைத் தாண்டியிருக்குமா? பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஜெரால்டு ஓட்டிவரும் பஸ். பயணிகள் இல்லாவிட்டால் இங்கே நிற்காது, வேகத்தை மட்டும் குறைக்கும், கண்டக்டர் செந்தமிழன் முன்படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் கேரியரை வாங்கிக்கொள்வான், பின்னால் வரும் இன்னொரு கம்பெனி வண்டிக்கு ஆட்களை விட்டுக்கொடுக்கக் கூடாதே. அந்த நேரத்துக்குள் கண்ணாடி வழியாக ஜெரால்டின் முகம் தெரியும், ஒரு பக்கம் மட்டும். தினமும் பகலில் அவளுக்குக் கிடைக்கும் கணவன் அவ்வளவுதான்.

ரூட்டு… காலையிலிருந்து மனம் அந்தச் சொல்லையே சுற்றிச் சுற்றி வருகிறது. வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதே இல்லை, ரூட்டுக்குப் போறேன் என்பான். கல்யாணமான புதிதில் யாராவது தேடி வந்தால் அவளும் அவுக ரூட்டுக்குப் போயிருக்காக என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வாள், ஏதோ கப்பலில் போனதுபோல. கொழுந்தன் பிரவீன்குமார் துபாய்க்கு அலைந்தபோது ரூட்டுத் தெரிஞ்ச ஆளாப் பிடிக்கணும் அண்ணி என்றான், அங்கே ரூட்டு என்பது சாலையில்லை, சிபாரிசு. வீடு கட்டும்போது எலெக்ட்ரீசியன் சுவரில் கரிக்கோடு இழுத்து, ஒயர் போற ரூட்டு இதுதாங்க, இதுல ஆணி அடிச்சிராதீங்க என்றான். யாரோடும் ஒட்டாத மனிதனை அவன் ரூட்டே தனி என்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர் நடக்கிறார்கள்! பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆங்கில மேடம் சொன்னது நினைவிருக்கிறது, அந்தச் சொல் லத்தீனில் உடைத்தல் என்பதிலிருந்து வந்ததாம், காட்டை உடைத்துப் போட்ட வழி. அதிலிருந்தே ரொட்டீன் என்ற சொல்லும் பிறந்ததாம். அன்றைக்கு அதைப் பரீட்சைக்காகக் கேட்டுக்கொண்டாள். உடைத்துப் போட்ட வழி எப்படி இத்தனை பழகிய வழியாகிறது? யார் முதலில் உடைத்தார்கள், யார் பழகிப்போனார்கள்?

அதே வகுப்பில்தான் பின் வரிசைப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அவர்கள் அகராதியில் இன்னொரு பொருள் இருந்தது. ஷீபாவுக்கு டிரைவர் ரூட்டு விடுறாருடி. விட்டான்தான். திருமயத்தில் ஏறி அவள் கல்லூரிக்குப் போன அந்த மூன்று வருடமும் டிரைவர் பக்கத்து நீளச் சீட்டுதான் அவளுக்கு. இன்ஜின் சூட்டில் செருப்பு கொதிக்கும், இருந்தாலும் அங்கேதான் உட்காருவாள். அவன் பேசியதில்லை, உள்ளே பார்க்கும் கண்ணாடியை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். ஒருநாள் அந்தக் கண்ணாடியில் கண் இருந்தபோது எதிரே ஆட்டு மந்தை… பிரேக் அடித்ததில் யாரோ ஒரு பெரியவரின் தக்காளிக் கூடை கவிழ்ந்து, பழங்கள் பஸ்ஸின் முன்பக்கம் வரை உருண்டு வந்தன. “ஏய் டிரைவரு, கண்ணாடியக் கட்டிக்கிட்டா அழுவுற, ரோட்டப் பாருய்யா!” பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்த மாதமே பெண் கேட்டு வந்துவிட்டார்கள். நிச்சயம் முடிந்த அன்று கோயில் வாசலில் அவன் மெதுவாகச் சொன்னான், இனிமே என் வண்டியில ஏறாத ஷீபா, நீ இருந்தா எனக்கு ரோடு தெரியாது. அன்றைக்கு அந்தச் சொல்லைச் சாப்பிட்டே பசியாறினாள். இப்போது மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஷீபா இன்னும் ஏறவில்லை. ஜெரால்டு வண்டி வந்தால் அவன் பொண்டாட்டி ஏறமாட்டாள், அடுத்த வண்டிக்கு நிற்பாள், அது ஊருக்கே தெரியும். பிரசவ வலியோடு ஆட்டோவில் புதுக்கோட்டைக்குப் போனபோதுகூட, பின்னால் வந்த அவன் வண்டிதான் ஹாரன் அடித்து வழி கேட்டு முந்திக்கொண்டு போனது, உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அதை அவள் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. சிரிப்பு வருமா, அழுகை வருமா என்று தெரியாததால் சொல்லவில்லை. என்னையும் ஒருநாள் ஏத்திக்கிட்டுப் போங்க… இந்த ஒரு வரியை எத்தனை தரம் நாக்கு வரை கொண்டுவந்து விழுங்கியிருப்பாள்! கேட்டால் என்ன நினைப்பான், சின்னப்பிள்ளை மாதிரி பஸ்ஸில் போக ஆசைப்படுகிறாள் என்றா?

“ஏத்தா ஷீபா, சோறு குடுக்க வந்தியா, கலியாணத்துக்குக் கெளம்புனியா?” புதுக்கோட்டை போக வந்து நின்ற சொர்ணம் அக்கா, எதிர்வீடு, மேலும் கீழும் பார்த்தாள். “சும்மா கட்டுனேன்க்கா.” “சும்மா கட்டுற சேலையா இது? பைய வேற தோள்ல மாட்டியிருக்க. எங்கிட்டுப் போற?” “எங்கிட்டும் போகலக்கா.” “போகலையாம்! ஒம் புருசன் வண்டி வருது, அதுல நீ ஏற மாட்ட. பின்னாடி வர்ற வண்டிக்கா நிக்கப்போற? ஆமா, மெட்ராஸ் வண்டிக்குப் போறானாமே ஜெரால்டு? செந்தமிழன் சொன்னான். இனி யாருக்குத்தா சோறு தூக்கிட்டு வருவ?” ஷீபா சிரித்து வைத்தாள். இந்தச் சேலையை ஏன் கட்டினாள்? பையை ஏன் எடுத்தாள்? பீரோவைத் திறந்தபோது கை தானாகப் போனதா, அல்லது கைக்கு முன்பே தெரிந்திருந்ததா?

போகாதீங்க என்று சொல்லிவிடலாம், அது சுலபம், அவன் கேட்டுக்கொள்வான், நல்லவன். ஆனால் நேற்று நாலுவழிச் சாலையைப் பற்றிச் சொல்லும்போது அவன் கைகள் காற்றில் ஸ்டியரிங் பிடித்தனவே, பெரிய வண்டி, கார்த்திகை மாதத்து விழுப்புரம் பனி, விடியும்போது தாம்பரம்… அந்த முகத்தை அவள் அணைக்க முடியுமா? சரி போங்க என்றும் சொல்லலாம். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பகலில் வீட்டில் தூங்கும் மனிதன், மகளிடம் அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாத என்று சொல்லும் வீடு. இரண்டும் அவளால் முடியும். இரண்டில் எதைக் கேட்கத்தான் அவன் நேற்றுக் கேட்டான்? இந்த ரூட்டில் அவளுக்கு ஒரு விலக்கு இருந்தது, நிற்க ஓர் இடம். புதிய ரூட்டில் எந்த இடத்தில் நிற்பாள்? இல்லை, இதுகூட இல்லை… அவன் போவதா இவ்வளவு நாள் வலித்தது? அவள் நின்றது அல்லவா வலித்தது? ஓர் ஓரத்தில் நின்றுகொண்டே ஒரு மனிதனோடு வாழ்ந்துவிட்டதுபோல, அவன் தினமும் பார்க்கும் சாலை எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாமல்…

ஹாரன். வளைவில் வண்டி திரும்பியது, சொர்ணம் அக்கா கை நீட்டியதால் இன்று நின்றே விட்டது. அக்கா ஏறினாள். செந்தமிழன் முன்படியில் குனிந்து கை நீட்டினான். “அண்ணி, குடுங்க. பின்னாடியே அந்தக் கம்பெனி வண்டிக்காரென் வர்றான்.” அவள் கொடுக்கவில்லை. கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “அண்ணி, டைமாச்சு!” உள்ளேயிருந்து ஜெரால்டு எட்டிப் பார்த்தான், ஒரு பக்கம் மட்டுமல்ல, முழு முகம், பகல் வெளிச்சத்தில், புருவம் சுருங்கி, என்ன ஷீபா, ஒடம்புக்கு முடியலையா என்று. அத்தனை சன்னலிலும் தலைகள். வெட்கம் காதுவரை ஏறியது. இதைச் சொன்னால் அவன் சென்னைக்குப் போவானா, போகாமல் இருப்பானா, அது அவளுக்கே தெரியாது, தெரியாமல்தான் சொல்லப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

“என்னங்க… இன்னிக்கி என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. மொதலாளிகிட்ட ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒருதடவை நான் ஒங்க வண்டியில வரணும்.”