கூண்டுப் பழக்கம்

அன்று சமையலறையில் இருந்தவர்கள்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள், இருபத்தாறு நாள் மகள், சலூன் வைத்திருக்கும் கணவன், மாமியார், எடை பார்க்க வந்த நர்ஸ்.

குழந்தை மாமியார் மடியில் கிடந்தது. முந்தின நாள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் ஓடி வந்து தாங்கியிருக்காவிட்டால் இரண்டு பேரும் தரையில்தான். நாற்பது மீட்டர் உயரத்தில், காற்றில் ஆடும் கிரேன் கூண்டில் ஏழு வருடம் உட்கார்ந்தவள். இப்போது பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். படுத்தபடிதான் பால் கொடுத்தாள்.

சாப்பாடு போதவில்லை என்று மாமியார் தீர்ப்புச் சொல்லியாயிற்று. முட்டை, கீரை, பருப்பு, பழம் என்று தட்டு காலியாகவே இல்லை. கணவன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். அவளுக்கு வயிறு கல்லாகக் கனத்தது. தலைச்சுற்றல் நிற்கவில்லை.

நர்ஸ் தராசைப் பார்த்தாள். குழந்தையின் எடை நன்றாக ஏறியிருந்தது. பாலுக்கும் குறையில்லை, சாப்பாட்டுக்கும் குறையில்லை என்றாள். பிறகு தாயின் வறண்ட உதட்டைப் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் போகலை."

மணி பதினொன்றரை.

தண்ணீர் எவ்வளவு குடித்தாள்? மாத்திரை விழுங்க ஒரு வாய். இதில் என்ன அதிசயம் என்று அவளுக்குப் புரியவில்லை. கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற அரைமணி ஆகும், கீழே லாரிகள் வரிசை கட்டும். அதனால் பகலில் யாரும் குடிப்பதில்லை. விடுப்பில் வந்தும் உடம்பு இன்னும் கீழே இறங்கவில்லை.

அவள் அதைச் சொன்னதும் நர்ஸ் தலையாட்டினாள். "மேலே நீங்க ஒரு ஆள். இப்ப உங்ககிட்டேர்ந்து இன்னொருத்தி குடிக்கிறா. அவளுக்குப் பால் குடுக்கிறப்பெல்லாம் நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க. ரெண்டு நாள்ல சுத்தல் நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மாமியார் முகம் தொங்கிப்போயிற்று. "ஊட்டி ஊட்டி என் கை ஓஞ்சுது. ஒரு சொம்பு தண்ணி குடுக்கத் தோணலியேடி எனக்கு."

"முள்ளு எடுத்தே என் கண்ணு போச்சு, அதுக்கு யாரும் அழல" என்றான் கணவன்.

அன்றிலிருந்து அவள் பால் கொடுக்கும்போதெல்லாம் மாமியார் டம்ளரோடு எதிரே உட்கார்ந்தார். காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் மெல்ல எழுந்து நின்றாள். அறை நின்ற இடத்திலேயே நின்றது. மாமியாரிடமிருந்து மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். மறுபடியும் நடந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். கணவன் பதறி எழுந்தான்.

"ஒண்ணுமில்ல. இவளப் பிடிங்க, சீக்கிரம்."

பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.