ஜீப்புக்கு நல்ல தண்ணி

“ஏம்மா அம்சா, பழைய குண்டான் ஒண்ணு இருந்தா குடேன். வால்வ கொதிக்க வெச்சிப் பாக்கணும்.”

மதிலுக்கு மேல் குழந்தைசாமி அண்ணன் தலை மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சித்திரையில் அவர் பெண்டாட்டி செத்ததிலிருந்து அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் ஒரு கொத்து கறிவேப்பிலைகூடக் கேட்டதில்லை. முதன்முதலாக வாய் திறந்து கேட்டது, ஜீப்பு வால்வை வேகவைக்கக் குண்டான். கொடுக்காமல் எப்படி இருப்பது? வால்வு வெந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியவேண்டாமா?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மார்பளவு மதில். கட்டியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். இன்னும் இரண்டு வரிசைக் கல் வைத்திருந்தால் எனக்குப் பொழுதே போயிருக்காது. அண்ணன் மகள் செந்தமிழ் ஏழாவது படிக்கும்போது எனக்கு ‘சிசிடிவி அத்தை’ என்று பேர் வைத்தாள். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் தங்கராசுகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. யார் வீட்டுப் பூனை எந்தப் பரணில் குட்டி போட்டது என்பதுவரை இந்தத் தெருவுக்கு நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த ஜீப் எப்போதோ சர்க்கார் ஏலத்தில் எடுத்தது. பச்சை பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் வேறொரு பச்சை தெரியும். சீசனில் விடியாத கருக்கலில் தெருவுக்குத் தெரு நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போகும். அண்ணன்தான் மேஸ்திரி, அண்ணன்தான் டிரைவர். அந்தச் சித்திரை மத்தியானம் ஆராயி அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அதிலேயே தூக்கி உட்காரவைத்துப் பாண்டிச்சேரிக்கு விட்டார். கூனிமேடு தாண்டினதும் பானெட்டிலிருந்து ஆவி. வண்டி நின்றுவிட்டது. ஈசிஆரில் போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டி, கடைசியில் ஒரு கார்க்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது அக்கா போய்விட்டிருந்தாள். செந்தமிழ் பாண்டிச்சேரியில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். ஆஸ்பத்திரி கேட்டில் நின்றுகொண்டு பச்சை ஜீப் வருகிறதா, பச்சை ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெள்ளைக் காரிலிருந்து இறக்கியபோது, யாரோ வேற பொம்பள, பாவம் என்று நினைத்தாளாம்.

காரியம் முடிந்த அன்று, பந்தல்காரன் கம்பு பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, தெருவே கேட்கும்படி செந்தமிழ் சொன்னாள்: “வண்டிய ஒழுங்கா வெச்சிருந்தா எங்கம்மா இருந்திருப்பா.” அண்ணன் பந்தல்காரனோடு சேர்ந்து கம்பு பிடுங்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. எப்போதாவது வருவாள். சமைத்து வைத்துவிட்டு, “சோறு இருக்குது” என்று சுவரிடம் சொல்லுவாள். அவர் “ம்” என்பார். அழுதாலாவது, சண்டை போட்டாலாவது மனிதர்கள் இருக்கிற வீடு என்று தோன்றும். டிவி சத்தம்கூட வராது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற எனக்கே அலுத்துவிட்டது.

இப்போது அவளுக்குச் சென்னையில் வேலை. அன்று மத்தியானம் கிளம்புகிறாள். அம்மாவின் தையல் மெஷினை எடுத்துப் போகிறாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு அவள் வர ஒரு காரணமும் மிச்சமில்லை. இரும்புக் காலோடு மெஷினை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக ஆட்டோ சொல்லியிருந்தாள். “ஜீப்புல கொண்டாந்து விடறேன்” என்று முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் காதைக் கழற்றி வைத்துவிட்டா எடுக்க முடியும்?

“ஓடாத வண்டியில எப்படி?” என்றாள் அவள்.

“காலையில ஓடும்.”

ஆட்டோக்காரனுக்கு வேண்டாம் என்று அவள் போன் போடவில்லை. அந்த வண்டியில் மகள் ஏறுவாளா மாட்டாளா, அண்ணன் மனசில் இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அந்த ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

ஜீப் முருங்கை மரத்தடியில் சித்திரையிலிருந்தே நின்றது. பழுத்த இலை கொட்டி பானெட் மஞ்சளாகியிருந்தது. பின் சீட்டில் என் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு வந்த அன்றைக்கே மெக்கானிக் பாலகுரு பார்த்துவிட்டு, இன்ஜின் தப்பித்தது, தெர்மோஸ்டாட் வால்வுதான் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தான். எலுமிச்சம்பழம் அளவு சாமான் அது. இன்ஜினில் தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடவேண்டும், ஆறினால் மூடிக்கொள்ளவேண்டும். அதன் உத்தியோகமே அவ்வளவுதான். “கழட்டித் தூக்கிப் போட்டுட்டு ஓட்டுண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?” என்றான் பாலகுரு. இங்கே பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. அண்ணன் கேட்கவில்லை. பாண்டிச்சேரி போய்த் தேடிப் புதுசு வாங்கிவந்தார். வாங்கிவந்து அலமாரியில் வைத்ததோடு சரி. மழைக்கு முன்னால் உப்பளமும் மூடிவிட்டது. டப்பா பிரிக்காமலேயே இருந்தது.

அன்று காலை பிரித்தார். அடியிலிருந்த திருகாணியைத் திறந்து ரேடியேட்டர் தண்ணியை வடிய விட்டார். துருவும் சேறுமாக முருங்கை வேருக்கு ஓடியது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் ஓஸின் கிளிப்பைத் தளர்த்தி, முறுக்கி முறுக்கி ஓஸை உருவினார். அதற்கடியில் வால்வு மூடிக்கு இரண்டு போல்ட். ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழக்கமாக ஒரு போல்ட் வரவில்லையென்றால் அதன் பரம்பரையையே திட்டுகிற மனுஷன், பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து திரும்பவும் ஸ்பேனரைப் போட்டார். வந்தது.

மூடியைத் தூக்கினதும் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. உப்பளத்தில் பாத்தி ஓரத்தில் காய்ந்து நிற்குமே, அதே மாதிரி. பெட்டி கட்டிக்கொண்டிருந்த செந்தமிழ் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. வந்து குனிந்து, அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்தாள். உப்பளத்து வீட்டுப் பிள்ளை, எதையும் அப்படித்தான் பார்க்கும். துப்பிவிட்டு நின்றாள். அப்போதுதான் அவர் மதிலுக்கு வந்து குண்டான் கேட்டார்.

அண்ணன் இந்தப் பக்கம் வந்தார், என் கொல்லை அடுப்பில்தான் வைத்தோம். குழம்புச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தேன். பைப்புத் தண்ணியை ஊற்றி, புதுசையும் பழசையும் நூலில் கட்டி, கரண்டிக் காம்பில் தொங்கவிட்டார். செந்தமிழ் மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“புதுசத்தான் மாட்டப் போறீங்களேண்ணே. பழச எதுக்கு வேகவெக்கணும்?”

“தொறக்குதான்னு பாக்கணும்மா.”

“தொறந்துச்சின்னா?”

திறந்தால் வால்வு மேல் குற்றமில்லை, வேறெங்கோ இருக்கிறது என்றாகும். இவ்வளவு மாதம் அலமாரியில் டப்பா ஏன் பிரிக்காமல் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தண்ணி சுட ஆரம்பித்தது. அடியில் கோதுமை மணி மாதிரி குமிழி. புதுசின் நடுவில் இருந்த பித்தளைத் தட்டு மெல்ல இறங்கியது, தூங்குகிற பிள்ளை வாய் திறக்கிற மாதிரி, அவ்வளவு சத்தமில்லாமல். பழசு அப்படியே இருந்தது. தண்ணி தளதளவென்று கொதித்துக் குண்டானே ஆடியது. பழசு வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியா, வேறெதுவுமா என்று எதுவும் தெரியவில்லை. கல்லில் எழுதியிருந்தால்கூடப் படித்துவிடுவேன்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

“ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்துனது?”

“பைப்புத் தண்ணிதான்” என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

“அது உப்புன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“யாரு ஊத்துனது?”

“யாரு ஊத்துவாங்க. நான்தான்.”

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணி. பைப்பில் வருவது கழுவ, குளிக்க, மாட்டுக்கு. வாயில் வைத்தால் குமட்டும். நல்ல தண்ணி லாரியில் வரும், அதற்குக் குடம் போட்டு இடம் பிடித்து, தலைமுடி பிடித்துச் சண்டை போட்டு வாங்கவேண்டும். அதில் ஆராயி அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சீசனில் தினமும் கருக்கலில் நீலப் பிளாஸ்டிக் குடத்தில் பைப்புத் தண்ணியைப் பிடித்து, பானெட்டைத் தூக்கி ஊற்றுவது அவள்தான். அண்ணன் அப்போது வேப்பங்குச்சியோடு தெருமுனையில் நிற்பார். அந்த நேரத்தில் நான் எதற்கு முழித்துக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவேண்டாம். ஒரு நாள் அவர், “பாலகுரு நல்ல தண்ணி ஊத்தச் சொல்றாண்டி” என்று மெதுவாகச் சொன்னார். “மனுஷங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இந்த இரும்புக் கழுதைக்கு நல்ல தண்ணி கேக்குதா? அவனையே கொண்டாந்து ஊத்தச் சொல்லு” என்றாள் அக்கா. மதிலுக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். அவர் குச்சியை மென்றுகொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். அக்கா கையால் ஊற்றின தண்ணியே அக்காவுக்கு எமனானது என்று மகளிடம் சொல்ல, கொள்ளி வைத்த அன்றைக்கே அவருக்கு வழி இருந்தது. பந்தலடியில் தெருவே கேட்க மகள் பழி சொன்னபோதும் இருந்தது.

செந்தமிழ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க அத்த. நீங்கதான் எல்லாத்தயும் பாப்பீங்களே. யாரு ஊத்துனது?”

அண்ணன் தலை நிமிரவில்லை. கரண்டிக் காம்பைப் பிடித்திருந்த கையில் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. சுடுகிறது என்றுகூட இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீலக் குடம், கருக்கல், இரும்புக் கழுதை, எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. இப்படி ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்றைக்கு இருந்திருக்கிறேன்?

“நான் கவனிக்கலடி” என்றேன்.

சொன்னதும் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இந்தத் தெருவில் ஒரு காக்காகூட நம்பாது. செந்தமிழ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் என் முகத்திலிருந்து மதிலுக்குப் போனது. மதிலிலிருந்து அவர்கள் வீட்டுப் பைப்படிக்குப் போனது. அங்கே நீலக் குடம் கவிழ்ந்து கிடந்தது, வாய் விளிம்பில் வெள்ளை படிந்து. அதை வெகு நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கட்டியிருந்த கையைக்கூடப் பிரிக்கவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் புது வால்வை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனார். பழசு குண்டானிலேயே கிடந்தது. மூடியில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் அட்டையை பிளேடால் சுரண்டினார். புது வால்வை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, புது பேக்கிங் வைத்து, மூடியைப் போட்டு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினார். ஓஸை ஏற்றிக் கிளிப்பை இறுக்கினார். எல்லாம் முடிந்து, அந்த வீட்டுப் பழக்கத்தில் பைப்படிக்குப் போய் நீலக் குடத்தை நிமிர்த்தி, குழாயைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து செந்தமிழ் எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல தண்ணி. முந்தின நாள் லாரியில் அவள் நின்று வாங்கினது, வீட்டில் இருந்தது அந்த ஒரு குடம்தான். நேராக ஜீப்புக்குப் போய் ரேடியேட்டர் வாயில் சாய்த்தாள்.

“மெதுவா” என்று பின்னாலேயே வந்தார் அவர். “காத்து அடைச்சிக்கும்.”

அவள் மெதுவாக ஊற்றினாள். அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார்; பேட்டரி பாலகுருவிடம் இரவல் வாங்கினது. இரண்டு தடவை முனகிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. முருங்கை இலையெல்லாம் பானெட் ஓரத்திலிருந்து குதித்து விழுந்தது. பின் சீட்டிலிருந்து என் கோழி கத்திக்கொண்டு இறங்கி ஓடியது. தண்ணி உள்ளே இறங்க இறங்க அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

“போதுமா...” என்று கேட்டாள். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. இன்ஜின் சத்தத்தில் பிடிபடவில்லை. எனக்கே பிடிபடவில்லை.

“போதும்” என்றார் அவர்.

மேல் ஓஸின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வால்வு திறந்தால்தான் அந்த ஓஸில் சூடு வரும். அதுவரை பச்சைத் தண்ணியாக இருக்கும் என்று பாலகுரு சொல்லியிருக்கிறான். தெருமுனையில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. தையல் மெஷின் வாசற்படியில், அவளுடைய பெட்டிக்குப் பக்கத்தில், துணி போர்த்தி நின்றது. செந்தமிழ் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். என் அடுப்பில் குண்டானின் தண்ணி சுண்டிக் காய்கிற வாசனை வந்தது. நான் நகரவில்லை.

அவரது கைக்குச் சற்றுத் தள்ளி, அதே ஓஸின் மீது அவளும் கையை வைத்தாள்.

“வருதா?”

“இன்னும் இல்ல” என்றார்.

ஆட்டோக்காரன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான். இருவரும் கையை எடுக்காமல் நின்றார்கள்.