நீலப் பொத்தான் வைத்த இடம்

தையல்காரி ஊர் வரைபடத்தின் மேல் வைத்த நீலப் பொத்தானை அதன் பிறகு யாராலும் எடுக்க முடியவில்லை. மற்ற பொத்தான்களெல்லாம் எடுத்தால் வந்தன.

ஊர் நிலத்தில் எதை எதற்கு ஒதுக்குவது என்று எல்லோரும் கூடி முடிவு செய்த வருடம் அது. திட்ட அலுவலர் பெரிய வரைபடம் ஒன்றைச் சமுதாயக் கூடத்து மேசையில் விரித்தார். குறி வைக்கும் வண்ண வில்லைகளை அலுவலகத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால், தையல்காரியின் பொத்தான் டப்பாவை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு நீலம், தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை, கிடங்குக்குக் கறுப்பு. மத்தியானத்துக்குள் ஊரில் இருக்கும் குடும்பங்களைவிட இரண்டு மடங்கு நீலம் மேசையில் கிடந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஊரை விட்டுப் போனவர்களுக்கும் அவரவர் வீட்டார் இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

"இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தாங்க" என்றார் அலுவலர். எல்லோரும் கூச்சத்தோடு எடுத்தார்கள். கிணறு தோண்டுகிறவர் தம்பிக்காக வைத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தையல்காரியுடையது மட்டும் வரவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசின் மேல், கிடங்குக்குப் போகும் சாலை வரவேண்டிய இடத்தில் அது இருந்தது. அலுவலர் நகத்தால் நெம்பினார், பிளேடால் நெம்பினார். வரைபடமும் மேசையும் சேர்ந்து எழும்பின.

"என்னக்கா, நூல் கோத்துத் தச்சுட்டீங்களா?" என்றார் முடிதிருத்துபவர்.

"நான் வச்சேன், அவ்வளவுதான்."

"அங்க யாரும்மா இருக்கா?" என்று அலுவலர் கேட்டார்.

"இப்ப யாரும் இல்ல சார். பொண்ணு வருவா."

"எப்ப?"

தையல்காரி டப்பாவை மூடினாள்.

சின்னதாய் ஒரு தையல் கடை வைக்க அந்தத் தரிசில் ஒரு மூலையைக் கேட்டுத்தான் மகள் சண்டை போட்டிருந்தாள். "உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது, போடி" என்று தாய் சொன்னாள். சொன்ன சூடு ஆறுவதற்குள் மகள் ஏறிய பேருந்து கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து பேருந்துச் சத்தம் கேட்டால் போதும், தையல்காரியின் கால் தையல் இயந்திரத்தின் மிதிமேல் அப்படியே நின்றுவிடும்.

சாலை போட வந்த இயந்திரம் நேராகத்தான் போனது. சக்கரத்தைத் திருப்பவே இல்லை என்று ஓட்டுநர் சத்தியம் செய்தார். ஆனாலும் தடம், சட்டைக்குக் கழுத்து வெட்டியதுபோல், தரிசைச் சுற்றி வளைந்து கிடந்தது. கலைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும் வளைந்தது. கிடங்குக்காரர் தையா தக்கா என்று குதித்தார். ஊர் மீண்டும் கூடியது.

"வளைஞ்சே போகட்டும் விடுங்க" என்றார் கிணறு தோண்டுகிறவர். "கொஞ்சம் சுத்தினா லாரிக்குக் காலா வலிக்கப்போகுது?" யாரும் மறுக்கவில்லை. கிடங்குக்காரர்கூட ஊரை விட்டுப் போன தன் அண்ணன் மகனை நினைத்துக்கொண்டவர்போல உட்கார்ந்துவிட்டார்.

அலுவலர் வண்ணப் பெட்டியைத் திறந்தார். வீடு, விவசாயம், சாலை, எந்த நிறமும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. நிலத்தின் பயன்பாடு என்ற இடத்தில் 'காத்திருப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தி அனுப்பியது.

கிடங்கு வந்தது, மூடியும் போனது. தையல்காரியின் மூக்குக்கண்ணாடி தடித்துக்கொண்டே வந்தது. பேருந்து இப்போது அந்த வளைவில் நிற்கிறது. இறங்க யாரும் இருப்பதில்லை. நடத்துநர் கதவைத் திறப்பார். யாரோ கால் வைத்ததுபோல் கடைசிப் படி சற்றே தாழ்ந்து எழும்.

"பாத்து இறங்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் விசில் ஊதுவார்.

அந்த விசில் கேட்கும்வரை தையல் இயந்திரம் ஓடாது. கேட்ட பிறகு ஓடும்.