விழுந்தவனுக்குக் காது கேட்கும்

'கடைசிக் கூரை' என்ற கணினி விளையாட்டை மெக்கானிக் திட்டாத நாளும் இல்லை, ஆடாத ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஊரார் வாஷிங் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிற பிழைப்பு அவனுடையது. ஒரு பொருளை அரைகுறையாகச் செய்து விற்றால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். குழுவாகச் சேர்ந்து ஆடும் இந்தத் துப்பாக்கிச் சண்டையோ அரைகுறையின் உச்சம்.

மழையில் நனைந்த மொட்டைமாடிகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தகரத்தின்மேல் ஓடும் காலடிச் சத்தத்தை வைத்தே எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்லிவிடலாம். இவ்வளவும் செய்த புண்ணியவான்களுக்கு ஒரு கதவை ஒழுங்காகத் திறக்க வைக்கத் தெரியவில்லை. குண்டு சுவருக்குள் புகுந்து வந்து கொல்லும். நம் அணிக்காரரை லேசாக இடித்தால் போதும், மாடியிலிருந்து விழுந்து செத்துப்போவார். நல்லா வரவேண்டிய பிள்ளை இப்படி நாசமாகப் போகிறதே என்ற ஆற்றாமையில், தயாரித்த கம்பெனிக்குப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதினான். ஒரே ஒரு குறையை மட்டும் எழுதவில்லை. எழுதினால் சரிசெய்துவிடுவார்களே!

செத்தவர்களுக்கு, அந்தச் சுற்று முடியும்வரை, உயிரோடிருப்பவர்கள் ஹெட்ஃபோனில் பேசிக்கொள்வது கேட்கக் கூடாது. சுடப்பட்டுச் செத்தால் அப்படித்தான். உயரத்திலிருந்து விழுந்து செத்தாலோ வாய் மட்டும்தான் அடைபடும், காது திறந்தே இருக்கும். மூன்று பேர் கொண்ட அவர்கள் அணியில் இது அவனுக்கு மட்டுமே தெரியும், ஏனென்றால் இடறி விழுவது அவன் ஒருவன்தான். அவன் மனைவிக்குக் குறியும் தப்பாது, காலும் தப்பாது. பல்செட் செய்யும் லேபில் மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிற கை அது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவாள். மூன்றாவது ஆளான அவள் தம்பி வேறு ஊரிலிருந்து ஆடுவான். சண்டை முடியும்வரை எங்காவது ஒளிந்து கிடப்பான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மெக்கானிக் வழக்கம்போலப் பொத்தென்று விழுந்தான். கால்மேல் கால் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தபோது மச்சான் பேசினான்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லடா. புது லேபுக்கு நீயே பொறுப்பா இருன்னு முதலாளி சொல்றாரு. ஆனா அது வேற ஊரு. இவரு இப்பத்தான் சொந்தமா கடை போட்டிருக்காரு."

"கேட்டுத்தான் பாரேன்."

"கேட்டா சரின்னுதான் சொல்லுவாரு. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவாரு. அப்புறம் அங்க வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை பதில் சொல்லணும், வேண்டாம்னே சொல்லிடறேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கோபப்படலாமென்றால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தன் லட்சணம் தனக்குத் தெரியாதா? நேரில் போய்த் 'தாராளமா போலாம்' என்றால் நம்பவே மாட்டாள். அவன் அவளிடம் சொல்லாமல், வேறு யாரிடமோ சொல்வதை அவளாகக் கேட்டால்தான் உண்டு. வாரம் முழுக்க ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே வசனம் தயார் செய்தான்.

அடுத்த ஞாயிறு அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பூனை மாதிரி பின்னால் போனான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே இடி.

"ஐயையோ, யாரது..." அவள் குரல் பாதியில் அறுந்தது.

"மாமா! நம்ம டீம்ல சுடத் தெரிஞ்ச ஒரே ஆளு அக்காதான், அவளைப் போய்த் தள்ளிட்டீங்களே!"

"அதை விடு மச்சான். அவ அந்தப் புது லேபுக்குப் போகணும். நானும் கூடப் போறேன். எனக்கு இதுல ஒரு துளி வருத்தம் கிடையாது." ஆண்டுவிழா மேடையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லி முடித்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியோ தெரியும்."

"சும்மா கதை விடாதீங்க மாமா. கடை ஷட்டருக்கு என்ன கலர் அடிக்கலாம்னு என் உயிரை வாங்கினீங்களே! அதை மூடிட்டுப் போறதுல வருத்தம் இல்லையா?"

தயார் செய்த வசனத்தில் இந்தக் கேள்வியே இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே மெக்கானிக்குக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"வருத்தம்தான்டா. ஷட்டரை இழுத்து மூடறப்ப அழுதாலும் அழுதுடுவேன். அங்க போயி ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருப்பேன், என் புத்தி அப்படி. ஆனா எனக்காக அவ இதை விட்டுட்டான்னா, ஆயுசுக்கும் நான் அவ மூஞ்சில முழிக்க முடியாதுடா."

தகரத்தின்மேல் தடதடவென்று வந்த எதிரிகள், மெக்கானிக்கை நின்ற இடத்திலும் மச்சானை ஒளிந்த இடத்திலும் சுட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க, அவள் வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் சிரிப்பை அடக்கப் பாடாய்ப் பட்டது.

"ஒரு மாசந்தான்," என்றாள். "அதுக்கு மேல ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கினாலும், நடக்கிறதே வேற."