இரண்டாம் வரிசை

லிடெல் வாத்தியார் மைக்கூட்டைத் திறந்து மேசைமேல் வைத்தபோது, பார்னபி சுவரில் விற்பனைக்குத் தொங்கிய மாட்டுக்கொம்புச் சீப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாமசினின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் புருஷன் கமாலியேல் செத்து இருபது நாள் ஆகிறது. படை லண்டனுக்குத் திரும்பியே பத்து நாள். நாலு வீடு தள்ளி மெழுகுவர்த்தி வார்த்துப் பிழைக்கும் பார்னபி, இந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட இந்தப் படி ஏறவில்லை. இன்றைக்கும் வாத்தியார் கையைப் பிடித்து இழுத்து வந்ததால்தான் வந்தான்.

வாத்தியார் சாம்பல் கொடிப் படையின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை மூண்டதும், இந்த நாலைந்து தெருவில் கடை வைத்திருந்தவர்களையும் கைத்தொழில் செய்தவர்களையும் சேர்த்து அமைத்த படை அது. வாரம் ஒருநாள் மைதானத்தில் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கிப் பழகிவிட்டு, பீர் குடித்துவிட்டு, பெண்டாட்டி திட்டுவதற்குள் வீடு வந்து சேர்கிறவர்கள். ஒருநாள் நிஜமாகவே அவர்களைச் சண்டைக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அதையெல்லாம் வாத்தியார் புத்தகமாக அச்சடிக்கப்போகிறார். செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி; அதைச் சர்ச்சிலும் படிக்கப்போகிறார்கள்.

“‘பகைவனின் குண்டை நெஞ்சில் ஏந்தி வீழ்ந்தார்’னு போட்டுக்கறேன் தாயீ” என்றார் வாத்தியார். “பக்கத்துல நின்னவன் பார்னபி. சாட்சிக்கு அவன் பேரு.”

“நெஞ்சுலயா?” என்றாள் தாமசின்.

உள்ளே போய், சண்டையில் கமாலியேல் போட்டிருந்த மேல்கோட்டை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. திருப்பிப் போட்டாள். தோள்பட்டைக்குக் கீழே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

“சாமான் வண்டியில இதை அனுப்பிச்சாங்க. நெஞ்சுல பட்ட குண்டுக்கு முதுகுல ஏன் ஓட்டை, வாத்தியாரய்யா?”

வாத்தியார் பேனாவைத் துடைத்தார். பார்னபி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஓடினாரா? ஓடியிருந்தா சொல்லிடுங்க. இடி இடிச்சாலே போர்வைக்குள்ள போற மனுஷன் அவரு. பயந்து ஓடினாலும் என் புருஷன் இல்லைன்னு ஆயிடுமா? ஆனா நீங்க பொய் எழுதி, அதை சர்ச்சுல எல்லார் முன்னாலயும் படிக்க, நான் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்க மாட்டேன்.”

தெருவில் நிலக்கரி விற்கிறவனின் குரல் வந்து தேய்ந்து போயிற்று. குண்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு என்றைக்காவது தெரிந்துவிடுமே என்றுதான் பார்னபி பயந்து கிடந்தான். தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கமாலியேல் இந்த வீட்டுக்குள் கோழையாகிப் போயிருப்பான் என்பது இந்த நிமிஷம் வரை அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

“அவன் ஓடலை, தங்கச்சி.”

“பார்னபி” என்றார் வாத்தியார் மெதுவாக. “இதை வெளியில சொல்லக் கூடாதுன்னு நம்ம படைக் கேப்டன் சொன்னாரே?”

“அவரு சொன்னது இருக்கட்டும்.” பார்னபி முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். “ராஜா ஆளுங்க பதுங்கியிருந்த பெரிய மாளிகை மதிலுக்கு எதிர்ல எங்களை நிறுத்தினாங்க. மூணு வரிசை. முதல் வரிசை சுட்டுட்டு விலகணும், அப்புறம்தான் எங்க முறை. தூறல், விரலெல்லாம் மரத்துப்போச்சு. யாரோ ‘சுடு’ன்னு கத்தினாங்க. எல்லாருமே ஒரே நேரத்துல சுட்டுட்டோம். கமாலியேல் முதல் வரிசை. நான் இரண்டாவது.”

தாமசின் கோட்டின் ஓட்டைமேல் விரலை வைத்தாள்.

“உங்க குண்டா?”

“தெரியலை. ரெண்டு பக்கமும் ஆளு இருந்தாங்க, அவங்களும் சுட்டாங்க. ஆனா எனக்கு நேர் முன்னால அவன்தான் நின்னான். புகை விலகினப்போ மதிலைப் பார்த்த மாதிரியே குப்புற விழுந்து கிடந்தான். ஒரு அடி பின்னால வைக்கலை, தங்கச்சி. திரும்பவே இல்லை.”

வாத்தியார் எழுந்துகொண்டார். இதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது, படைக்கே அவமானம் என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. அன்றைக்கு அவரும் அங்கே நின்றவர்தானே.

“அதை எழுத வேண்டாம்” என்றாள் தாமசின். “கடைசிவரைக்கும் திரும்பலைன்னு எழுதுங்க. அது போதும்.”

வாத்தியார் நின்றபடியே குனிந்து பழைய வரியை அடித்தார். புதிதாக ஒரு வரி எழுதி, மை காய ஊதினார். மைக்கூட்டை மூடிக்கொண்டு வெளியே போனார். பார்னபியும் எழுந்தான்.

“பத்து நாளு” என்றாள் அவள். குரல் இப்போதுதான் உடைந்தது. “பத்து நாளா ராத்திரி அவர் படுக்கற பக்கம் திரும்பிக்கூடப் படுக்கலை நான். அவ்வளவு கோவம். விட்டுட்டு ஓடினவன் உசிரோடயாவது வந்திருக்கக் கூடாதான்னு. நீங்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே.”

பார்னபி தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்ற இடத்திலேயே அழுதான். அவள் அவனைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. “வலிச்சிருக்குமா?” என்று கேட்டாள்.

“ஓடிப்போய்ப் புரட்டினேன். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. வாயில சேறு இருந்தது. துடைச்சு விட்டேன்.”

“துடைச்சீங்களா?”

“சட்டைக் கையால.”

அவள் தலையை ஆட்டினாள். அடுப்பில் பெரிய பானை தளதளவென்று கொதிக்க ஆரம்பித்திருந்தது. எழுந்து போய் மூடியைத் தள்ளி, சீப்பு செய்வதற்காக ஒரு பக்கம் நீளவாக்கில் அறுத்திருந்த மாட்டுக் கொம்பு ஒன்றை இடுக்கியால் தூக்கினாள்.

“வெந்துடுச்சு. ஆறினா விரியாது. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. அந்தப் பக்கம் பிடிங்க.”

பார்னபி தொப்பியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு இடுக்கியை எடுத்தான். ஆவி முகத்தில் அடித்தது. அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக, உடைந்துவிடாமல், மெதுவாக இழுத்தார்கள். சுருண்டு கிடந்த கொம்பு முனகிக்கொண்டே விரிந்தது. உள்ளங்கை அகலம் ஆனதும் அதன் கருப்பு மங்கி, சன்னல் வெளிச்சம் அதன் வழியே தேன் நிறத்தில் கசிந்து இரண்டு பேர் கைமேலும் விழுந்தது.

“விட்டுடாதீங்க” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம்.”