மூன்றாவது வத்தை

சிவகௌரி அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, உச்சியில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் தெருவில் கேட்டது.

"அன்பார்ந்த வேலந்துறை வாழ் மக்களே! எங்கள் ஊர் கரையேறிய இருநூற்றைம்பதாவது ஆண்டு விழா இன்று மாலை நான்கு மணிக்கு இறங்குதுறையில்..."

அவள் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் கிடந்தவரின் கழுத்தில், தொண்டையை வெட்டி எடுத்த துவாரம் பஞ்சால் அடைபட்டிருந்தது. ஏழு மாதமாக அந்த வீட்டில் அவருடைய குரல் இல்லை. வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவார். விடியப்புறம் கொப்பியைத் தடவிய கை பாதியில் விழுந்ததைக் கண்டவள் அவள்தான். இப்போது அந்தக் குரல் சளியில்லாமல், முழுசாக, ஒழுங்கை ஒழுங்கையாக ஊரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

"ஓடிப்போய் நிப்பாட்டச் சொல்லட்டே?" என்றார் மாமா நமசிவாயம்.

"வேண்டாம் அண்ணை. வரட்டும்," என்றாள் அம்மா. அவள் கால்மாட்டில் இருந்தாள். இன்னும் அழவில்லை.

முப்பது வருடமாக ஊருக்குக் குரல் அவளுடைய அப்பா தம்பிஐயாதான். கலியாணம், சாவு, சங்கக் கூட்டம் எல்லாம் அவர் வாயால்தான் வரும். தொண்டையை எடுக்கப் போவதற்கு முதல் நாள், வெளிச்சத்தம் விழாமல் யன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இந்த விழாவுக்கும் பேசிப் பதிந்து வைத்துவிட்டுத்தான் போனார்.

கரையேறிய நாளில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரை உண்டாக்க மூன்று வத்தைகளில், பாய்கட்டிய தோணிகளில், சனம் வெளிக்கிட்டது. இரண்டு வந்து சேர்ந்தன. வருடாவருடம் இறங்குதுறையில் நின்று அவர் முதல் இரண்டு வத்தைக்காரரின் பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் "கரையேறியாச்சு" என்று குரல் கொடுக்கும். பிறகு மூன்றாவது வத்தையின் ஆறு பெயர்கள். அவற்றுக்கு எவரும் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று மூச்சு நேரம் கடலைப் பார்த்து நிற்பார்கள். செத்துப்போனார்கள் என்று இருநூற்றைம்பது வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

மாமா பேப்பருக்குக் கொடுக்க மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையளிலை வந்து நிக்கிறன். சிவகௌரி. பிறகு கஜானன். அவன்ரை பேருக்கு முன்னுக்குக் காலஞ்சென்ற எண்டு போடுறதோ, என்ன?"

"போட்டால் அந்தத் தாளை அடுப்புக்கை வைப்பன்," என்றாள் அம்மா.

"அப்ப என்னெண்டு எழுத? போடாட்டில், கொள்ளி வைக்க மகன் எங்கை எண்டு சனம் கேக்கும். பதினாறு வருசம், நாகேசு."

"கேக்கட்டும். நானும் அதைத்தானே கேக்கிறன்."

மாமா பேனையைச் சிவகௌரியிடம் நீட்டினார். "மூத்தவள் நீ. உன்ரை முடிவு."

வன்னியில் போரின் கடைசி வாரத்தில் காணாமற்போன தம்பி. அந்த ஒரு சொல்லை எழுதிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒன்று நெடுநாளாகக் கிடந்து துடித்தது. எழுதினால் அவனுக்கு ஒரு திவச நாள் கிடைக்கும். இலை போட்டுப் படைக்கலாம். அலுமாரியிலிருக்கும் அவனுடைய சேட்டுகளை யாருக்காவது கொடுக்கலாம். தம்பி செத்திருக்க வேண்டும் என்றா தன் மனம் ஆசைப்படுகிறது என்று நினைத்தபோது பேனை விரலில் வழுக்கியது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பு ஓட்டோ வாசலில் வந்து நின்றது. குரல் அறுந்தது. அதை ஓட்டிவந்த அருட்செல்வன் உள்ளே வந்து, கட்டிலைக் கண்டு, தொப்பியைக் கழற்றினான்.

"ஐயோ! நான் ஐயாவைக் கொண்டு ஊரெல்லாம் சுத்திறன். ஐயா இஞ்சை கிடக்கிறார்."

கொஞ்ச நேரம் தேம்பிவிட்டு அவளருகே வந்தான். "அக்கா, உதிலை ஐயா தன்ரையையும் வைச்சிருக்கிறார்."

"என்னத்தை?"

"மரண அறிவித்தலை. ஐயா என்னைப் பாத்து, உன்னட்டை விட்டால் நீ என்ரை அப்பன்ரை பேரையே மாத்திப்போடுவாய் எண்டவர். முதல் தன்ரை வாசல்லை போடவேணுமாம்."

"செத்த மனுசன் தன்ரை சாவைத் தானே சொல்லுறதோ? கூடாத வேலை!" என்றார் மாமா.

"போடு தம்பி," என்றாள் அம்மா.

ஓட்டோவின் தலையிலிருந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒருமுறை இருமியது.

"வேலந்துறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தையா தம்பிஐயா இன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற கந்தையா, வள்ளியம்மை தம்பதிகளின் மகனும், நாகேஸ்வரியின் அன்புக் கணவரும், சிவகௌரி..."

அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு, அறிவிக்கும் குரலில் அல்ல, இறங்குதுறைக் குரலில், நீட்டி:

"கஜானன்."

அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒரு மூச்சு. குழாயில் இரைச்சல் மட்டும். இன்னொரு மூச்சு. அருட்செல்வன் பழுதென்று நினைத்துப் பெட்டியைத் தட்டக் கையை ஓங்கினான்.

"தட்டாதை," என்றாள் அம்மா. "அவர் நிக்கிறார்."

மூன்றாவது மூச்சில், குழாய்க்குள், பின்படலை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கடற்கரைப் பக்கம் திறக்கிற படலை. தம்பி எப்போதும் அதால்தான் வருவான். எல்லோரும் ஒன்றாகப் பின்பக்கம் திரும்பினார்கள். படலை சாத்தியபடியே இருந்தது.

"...ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்."

"அது பதிவிலை விழுந்த சத்தம்," என்றாள் சிவகௌரி. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "அண்டைக்கு நீங்கள் பின்னாலை போயிருப்பியள், அம்மா."

"நான் அறைக்கை ஆசுபத்திரிக்கு உடுப்பு அடுக்கிக்கொண்டெல்லே நிண்டனான்," என்றாள் அம்மா. "நீ வேலைக்குப் போயிட்டாய். வீட்டிலை வேறை ஆர்?"

மாமா பின்படலையை இன்னொருதரம் திரும்பிப் பார்த்தார்.

சிவகௌரி தாளை எடுத்து எழுதினாள். மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கஜானன்ரை பேருக்கு முன்னாலை இடம் விட்டுக் கிடக்கு. எழுத மறந்திட்டியோ?"

"இல்லை மாமா. உப்பிடியே அடிக்கச் சொல்லுங்கோ."

அருட்செல்வன் ஓட்டோவைக் கிளப்பினான். அப்பாவின் குரல் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பி, அங்கிருந்தவர்களுக்குத் தன் பெயரைச் சொல்லத் தொடங்கியது. அம்மா எழுந்து பின்பக்கம் போனாள். படலையின் கொளுக்கியைக் கழற்றி, விரியத் திறந்து, காற்றில் அடிக்காதபடி அடியில் ஒரு முருகைக்கல்லை அண்டக்கொடுத்தாள். வந்து பழையபடி கால்மாட்டில் இருந்தாள்.