தவான்சோ வீட்டுச் சுழல்நீர்த் தொட்டி

அன்று குளியலறையில் இருந்தவர்கள் நால்வர்: ஒத்தாவியா தவான்சோ ஆகிய நான், என் கணவர் சில்வானோ, எங்கள் மகள் நீவெஸ், அவளைக் கட்டப்போகும் பையனின் தாய் தொரொத்தேயா மரங்கோன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யெந்தா ஊரில் பாதிப்பேர் அங்கே நின்று பார்த்ததுபோலப் பேசுகிறார்கள்.

தொரொத்தேயாவுக்கு இடுப்புவலி. லீட்டனிலிருந்து எங்கள் வீட்டில் தங்க வருவதற்கு முன்பே, தொலைபேசியில் கேட்டுவிட்டாள்: "உங்க வீட்ல சுழல்தண்ணித் தொட்டி இருக்காமே, சம்மந்தி. அதுல கொஞ்ச நேரம் உக்காரணும்." அடுத்தவர் வீட்டு அடுப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்ப்பவள் என்று அவளுக்குப் பெயர். என் வீட்டில் ஒரு குறை கண்டால் அது நீவெஸின் தலையில்தான் விடியும்.

அவள் வரும் நாள் காலையில் தொட்டியைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். பிறகு, தொட்டிச் சுவரின் துளைகள் வழியே தண்ணீரைப் பீய்ச்சிச் சுழலவிடும் உள்குழாய்களைக் கழுவுவதற்காக, நீர்த்துளைகள் மூழ்கும்வரை சுடுதண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். துளைகள் இரைந்தன. தண்ணீர் பழுப்பாயிற்று. கறுத்த துணுக்குகள் சுழன்று சுழன்று மேலே வந்தன.

மத்தியானம் வருவதாகச் சொன்னவளின் கார் அப்போதுதான் வாசலில் நின்றது. கைகழுவ வேண்டும் என்றாளாம். நீவெஸ் நேராக அங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தொரொத்தேயா தொட்டியைப் பார்த்தாள். "என்ன சம்மந்தி, சாக்கடைக் குழாய் ஏதும் ஒடைஞ்சிருச்சா?"

அவளுக்குப் பின்னால் வந்து நின்ற சில்வானோ சொன்னார்: "அது தக்காளிங்க."

"எந்தத் தக்காளி?" என்றேன்.

"நம்ம தக்காளிதான். வருஷா வருஷம் சாறு காய்ச்சுறப்ப இதுல கொட்டித்தானே கழுவுறோம்."

"கழுவுறோம். சரி. தண்ணியச் சுழல விடச் சொன்னது யாரு?"

"நீ பூசைக்குப் போன நேரம் பாத்து விட்டேன். ஒரு பொத்தான்தான். குனிய வேணாம், நிமிர வேணாம்."

"அப்பா," என்றாள் நீவெஸ், "கையாலயே கழுவி இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அது இதுதானா?"

நான் ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தக்காளித் தோல். அதில் ஒரு விதையும் ஒட்டியிருந்தது. வெடித்த பழங்களிலிருந்து குழாய்க்குள் போயிருக்கிறது. நிமிர்ந்து நின்று அதைத் தொரொத்தேயாவிடம் நீட்டினேன்.

"பாத்துக்குங்க சம்மந்தி. மறைக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. உக்காந்து முடியிற வரைக்கும் பாருங்க." முக்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் சட்டைக் கையை மடக்கினாள். "குடுங்க, நானும் ஒரு கை தேய்க்கிறேன்."

"விருந்தாளி கையில துணி குடுக்குற வழக்கம் தவான்சோ வீட்ல கெடையாது."

அவள் உட்கார்ந்தாள். சில்வானோவை மண்டியிட வைத்தேன். தண்ணீரை வடித்தோம், நிரப்பினோம், மறுபடி ஓட்டினோம். துளைகளின் விளிம்பை அவர் பழைய பல்துலக்கியால் தேய்த்தார்.

"சம்மந்தி," என்றாள் தொரொத்தேயா அவரிடம், "அந்த ஓரத்துத் துளையில ஒரு விதை ஒக்காந்து உங்களையே பாக்குது."

"பாக்கட்டும். குனிய வேணாம்னு நெனச்சதுக்கு மொத்தமா இன்னைக்குக் குனியிறேன்."

தண்ணீர் தெளிந்த பிறகும் எனக்குத் திருப்தி வரவில்லை. சில்வானோவின் ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டையை எடுத்து வந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை. பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு துளையின் முன்னாலும் அதை விரித்துப் பிடித்தேன். வெள்ளையாகவே இருந்தது. தொரொத்தேயா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுத் தொட்டிக்கு இந்தப் பரீட்சை வச்சா தேறாது," என்றாள்.

சாயங்காலம் வெகுநேரம் அதில் கிடந்துவிட்டு, கன்னம் சிவக்க வெளியே வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவளே பேச்செடுத்து, திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று முடிவு செய்தாள். ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் தக்காளிச் சாற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மரங்கோன் அம்மாள் வந்துதான் எங்கள் தொட்டியைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள் என்று கோயிலில் பூசை முடிந்ததும் ஊரார் பேசிக்கொள்கிறார்கள். அவள் தேய்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.